நான்காம் பக்கம், பதினோராம் வரி

மே 2, வியாழன்

காலை சர்க்கரை 138.

டாக்டர் கேட்டது இந்த எண் மட்டும்தான். எண்ணுக்குப் பக்கத்தில் இவ்வளவு இடம் வெறுமனே கிடக்கிறதே என்று நான் எழுதுகிறேன். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான், என் மகள் பாக்கியம். அவளும் நேற்று நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு சாத்தூருக்குக் கிளம்பிவிட்டாள். திரும்ப ஒரு மாதம் ஆகும். பேத்தி எழிலரசிக்குத் தமிழ் பேச வரும். எழுத்தைக் காட்டினால் கோலம் மாதிரி இருக்கிறது என்பாள். அதனால் தைரியமாக எழுதலாம்.

எழில் இந்த ஹாலோபுரூக் ஊருக்குக் கவுன்சிலர். நியூஜெர்ஸிக்கு வந்து எத்தனையோ தமிழ் ஆட்கள் வீடு வாங்கினார்கள், கார் வாங்கினார்கள். ஓட்டு வாங்கினது என் பேத்திதான். அறுபத்திரண்டு ஓட்டு வித்தியாசம். அவள் பெயர் போட்ட தேர்தல் அட்டை என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் முதலில் அதைப் பார்ப்பேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு கூடைத் துணி. துவைத்தது மெஷின், மடித்தது நான்.

மே 4, சனி

சர்க்கரை 141.

இன்று ஜன்னலில் மெயர் இருந்தார். பக்கத்து வீட்டு ஹன்னாவின் புருஷன்; ஊர் மேயர் இல்லை, பெயரே மெயர். யூத மதத்துக்காரர்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். கார் எடுக்கமாட்டார்கள், அடுப்புப் பற்றவைக்கமாட்டார்கள். வீட்டை விட்டு ஒரு பொருளையும் தெருவுக்குச் சுமந்து போகக் கூடாது, தள்ளிக்கொண்டும் போகக் கூடாது. மெயருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இடது கை, இடது கால் வராது. சக்கர நாற்காலியைத் தெருவில் தள்ளினால் அதுவும் சுமந்த கணக்காம். ஹன்னா மட்டும் தனியாக நடந்து அவர்கள் ஜெபக்கூடத்துக்குப் போனாள். இவர் தலையில் குட்டித் தொப்பியோடு ஜன்னலில் உட்கார்ந்து, அவள் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குத்தான் அவர்கள் கவுன்சிலுக்கு ஒரு மனுக் கொடுத்திருக்கிறார்கள் என்று எழில் சொன்னாள்.

"கரண்ட் கம்பத்துல ஒரு மெல்லிசான கயிறு, அம்மாச்சி. ஊரைச் சுத்திக் கட்டிட்டா, அதுக்கு உள்ள இருக்கிறது எல்லாம் ஒரே வீடு மாதிரின்னு அவங்க சட்டம். அப்ப சேரைத் தள்ளலாம். குழந்தை வண்டியும் தள்ளலாம்."

"காப்புக் கட்டுறாகன்னு சொல்லு."

"அது என்னது?"

"அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டிட்டா எல்லையத் தாண்டக் கூடாது. எல்லைக்கு உள்ள இருக்கிறவுக அத்தனை பேரும் ஒரு வீட்டாளுகதான்."

"அம்மாச்சி! இதை நான் மீட்டிங்ல சொல்லிக்கவா?"

"என் பேரச் சொல்லிச் சொல்லு" என்றேன். சிரித்தாள்.

கம்பத்தில் எதைக் கட்டினாலும் கவுன்சில் அனுமதி வேண்டும். ஜூன் 4 அன்று ஓட்டு. ஏழு பேரில் மூன்று பேர் சரி என்கிறார்கள், மூன்று பேர் கூடாது என்கிறார்கள். ஏழாவது ஆள் எழில். சரி என்றுதான் போடப் போகிறாள்.

நான் எழுந்துவிட்டேன். கீரை ஆய வேண்டியிருந்தது.

மே 5, ஞாயிறு

சர்க்கரை 160. கோயில் புளியோதரை.

கோயில் கமிட்டிச் செயலாளர் சிதம்பரநாதன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மரியாதையான மனுஷன். "கவுன்சிலர் வீட்டு அம்மா வந்திருக்காங்க, நாற்காலி போடுங்கப்பா" என்று சத்தம் கொடுத்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கையில் தாள் கட்டு ஒன்று வைத்திருந்தார்.

புளியோதரையில் எண்ணெய் அதிகம்.

மே 9, வியாழன்

சர்க்கரை 152. இந்தியக் கடையில் முருங்கைக்காய், மூன்று டாலருக்கு விரல் தடிமனில் இரண்டு.

மே 13, திங்கள்

சர்க்கரை 177.

எழில் வந்ததும் பையைச் சோபாவில் எறிந்தாள். கயிறு கூடாது என்று ஊரில் முந்நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு எதிர்மனுக் கொடுத்திருக்கிறார்களாம்.

"அதுல பதினொரு தமிழ்ப் பேரு, அம்மாச்சி. நம்ம கோயில் ஆளுங்க."

"யாரு யாரு?"

"தெரிஞ்சவங்கதான். விடு." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "என்னை ஜெயிக்க வச்சவங்க அவங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

வெண்டைக்காய் வழவழப்பாகிவிட்டது. நான்தான் சரியாக வதக்கவில்லை.

மே 14, செவ்வாய்

சர்க்கரை 206. மாம்பழம் தொடவில்லை.

எழில் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எதிர்மனுவின் நான்காம் பக்கம். பதினோராம் வரியில் விரலை வைத்தாள்.

"இது தமிழ்தானே? மத்தவங்க எல்லாம் இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க. இவங்க மட்டும் தமிழ்ல, இவ்ளோ நீளமா. யாருன்னு படிச்சுச் சொல்லு."

கண்ணாடி மேலே இருக்கிறது என்றேன். ஓடிப்போய் எடுத்து வந்தாள். போட்டுக்கொண்டு பார்த்தேன். எழுத்துத் தெளியவில்லை என்று சொன்னேன். ஜன்னல் வழியாக வெயில் நேரே கண்ணில் அடித்தது.

"யாரோ வயசான அம்மாவா இருக்கும்" என்று எழில் தாளையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இங்கிலீஷ் தெரியாத ஒரு அம்மா, எங்கேயோ வந்து, பேனா பிடிச்சு, கஷ்டப்பட்டு எழுதியிருக்காங்க. அவங்களுக்கு எவ்ளோ பயம் இருந்தா இது செய்வாங்க? அவங்க யாருன்னு கண்டுபிடிக்கணும், அம்மாச்சி. அவங்க கிட்ட உக்காந்து பேசணும்."

எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. எங்கள் அருளானந்தம் வாத்தியார் போட்டுக்கொடுத்த எழுத்து.

மே 15, புதன்

சர்க்கரை 198.

இந்த நோட்டில் எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்.

சா. வேலுத்தாய், கவுன்சிலர் எழிலரசியின் அம்மாச்சி. அதுதான் அந்த வரி.

சிதம்பரநாதன் பெயர் மட்டும் போதும் என்றார். நான்தான் மீதியையும் எழுதினேன். வெறும் வேலுத்தாய் என்றால் யாருக்குத் தெரியும்? தாள் பெரிய இடத்துக்குப் போகிறது என்றார். போகிற இடத்தில் தெரியட்டும் என்று எழுதினேன்.

அந்தக் கயிற்றில் பறவைகள் அடிபட்டுச் சாகும் என்று அவர் சொன்னார். பறவைகளுக்காகத்தான் போட்டேன்.

மே 18, சனி

சர்க்கரை 188.

மெயர் ஜன்னலில். ஹன்னா நடந்து போனாள்.

பறவைகளுக்காக இல்லை. கம்பத்தில் ஏற்கெனவே பத்துக் கம்பி போகிறது. எந்தக் குருவியும் செத்து நான் பார்த்ததில்லை.

போன தீபாவளிக்கு நான் அதிரசம் சுட்டேன். பாகு பதம் தப்பாமல் வந்தது. இருபது அதிரசத்தைத் தட்டில் அடுக்கி, மேலே துணி போட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஹன்னா வீட்டுக்குப் போனேன். தட்டை நீட்டினேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நோ, நோ, சாரி" என்றாள். பிறகு என்னவோ நிறையச் சொன்னாள். முகம் சிவந்திருந்தது. எனக்குக் கைகள்தான் தெரிந்தன. பின்னால் கட்டின கைகள்.

திரும்பி வந்து சேலையை மடித்து வைத்தேன். எழிலிடம் சொல்லவில்லை. அதிரசத்தை அவள் ஆபீசுக்குக் கொண்டுபோனாள், எல்லாரும் புகழ்ந்தார்களாம்.

மறுநாள் எங்கள் வாசலில் ஒரு வலைப்பை நிறைய ஆரஞ்சுப் பழம் இருந்தது. யார் வைத்ததென்று தெரியாது. அணில்களுக்குப் போட்டுவிட்டேன்.

மே 21, செவ்வாய்

சர்க்கரை 214.

எழில் போனில் இருக்கிற ஏதோ ஒன்றிடம் அந்தக் கையெழுத்தைக் காட்டினாள். அது "வேலை தாய் கலந்து" என்று சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிதம்பரநாதன் அங்கிள் கிட்ட காட்டினேன். அவருக்கும் புரியலயாம். தமிழ் ஸ்கூல் நடத்துறவருக்குத் தமிழ் புரியல!"

"எழுத்து மோசமா இருக்கும்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே வலித்தது.

அவள் தரையில் என் காலடியில் உட்கார்ந்தாள். "அம்மாச்சி, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். அந்த அம்மாவைப் பார்க்காம நான் ஓட்டு போட மாட்டேன். எனக்கு ஓட்டுப் போட்டவங்க பயத்தைக் கேட்காம, அவங்களுக்கு எதிரா கை தூக்கினா நான் என்ன கவுன்சிலர்?"

"ஓட்டுப் போடலன்னா?"

"மூணுக்கு மூணு. சமமா நின்னா மனு விழுந்திரும்."

என் பேத்தி நல்லவளாக வளர்ந்திருக்கிறாள். வளர்த்தது நான்தான். பாக்கியம் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விடுவாள்.

எழில் படத்தை சாத்தூருக்கு, அவள் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

மே 22, புதன்

சர்க்கரை 239.

எழில் ஆபீஸ் போன பிறகு பாக்கியம் கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வரம்.

"எம்மா, நீயா இது?"

"எது?"

"எதுவா? எனக்கு ஒண்ணாப்புல கையப் பிடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்த கை எனக்குத் தெரியாதா? அதுவும் கவுன்சிலரின் அம்மாச்சின்னு பட்டம் வேற!"

நான் நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவகிட்ட எழுத்துப் புரியலன்னு சொல்லிட்டேன். என் பிள்ளைகிட்ட உனக்காகப் பொய் சொல்லியிருக்கேன், தெரிஞ்சுக்க. மீட்டிங்குக்கு முன்னாடி நீயே சொல்லிரு. இல்லன்னா நான் போன் போட்டுச் சொல்லிருவேன்."

"சொன்னா அவ மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பா? வீட்லயே எதிர்க் கையெழுத்துன்னு ஊரு சிரிக்காதா?"

"அத கையெழுத்துப் போடுறப்ப யோசிச்சிருக்கணும்."

சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மே 25, சனி

சர்க்கரை 221. மெயர் ஜன்னலில்.

மே 27, திங்கள்

சர்க்கரை 230.

காலையில் ஹன்னா அவள் வாசல் நிலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அவர்கள் நிலையில் விரல் நீளத்தில் ஒரு சின்னப் பெட்டியைச் சாய்வாக அறைந்து வைத்திருப்பார்கள். உள்ளே வேத எழுத்துச் சுருள் இருக்குமாம். போகையிலும் வருகையிலும் அதைத் தொட்டுக்கொள்வார்கள். அதை யாரோ பெயர்த்துவிட்டார்கள். மரத்தில் இரண்டு ஆணி ஓட்டைகளும் ஒரு கிழிசலும் இருந்தன. கீழே ஒரு தாள். எதிர்மனுவின் முதல் பக்கம்.

எழில் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

மதியம் பின்பக்கம் புதினா பறிக்கப் போனேன். எங்கள் பக்கத்துப் புல்லில் அந்தப் பெட்டி கிடந்தது. ஓரம் நசுங்கியிருந்தது. திறக்கவில்லை, கழுவவும் இல்லை. எழுத்து இருக்கிற பொருள், தண்ணீர் படக் கூடாது. முருகன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்தேன். பிறகு வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். தீபாவளிக்குப் பிறகு அந்த வாசலில் நான் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்தாள். நீட்டினேன். இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து வாங்கினாள். அதை உதட்டில் வைத்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். உள்ளே இருந்து மெயர் வாய் கோண என்னவோ சொன்னார்.

அவள் கண்ணீர் என் தோளில் பட்டது. என் கையெழுத்து இருக்கிற மனுவின் தாளைத்தான் அந்த வாசலில் போட்டிருந்தார்கள். அந்த வாசலில் நின்றுதான் கட்டிக்கொள்ளப்பட்டேன்.

மே 28, செவ்வாய்

சர்க்கரை 244. டாக்டர் ஆபீஸில் இருந்து போன். வேளைக்கு ஒரு மாத்திரை கூட்டச் சொன்னார்கள்.

அந்த மனுவில் என்னதான் எழுதியிருக்கிறது என்று எழிலிடம் கேட்டேன். படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். "இவர்கள் நம்மோடு சேரமாட்டார்கள். நம்மோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். கயிறு கட்டவிட்டால் கூட்டமாக வந்து வீடு வாங்குவார்கள். இந்த ஊர் நம் ஊராக இருக்காது."

பிறகு கம்ப்யூட்டரில் வேறொன்றைத் திறந்தாள். "இப்ப இதைக் கேளு." அதிலும் அதே பேச்சுதான். சேரமாட்டார்கள், சாப்பிடமாட்டார்கள், கூட்டமாக வருவார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல. இது ஆறு வருஷம் முந்தி. நம்ம கோயில் கட்டக் கூடாதுன்னு குடுத்த மனு." எழில் திரையைக் கீழே தள்ளினாள். "அன்னைக்குக் கவுன்சில்ல நமக்காக எழுந்து பேசினது யாரு தெரியுமா? யூத சங்கத்துல இருந்து மூணு பேரு. அதுல ஒருத்தங்க ஹன்னா. கோயில் கட்டட்டும், அது எங்களுக்கும் நல்லதுன்னு சொன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் லைப்ரரில எல்லா மதத்துக்காரங்களும் மாசாமாசம் கூடுற காலைச் சாப்பாட்டை அவங்க ஆரம்பிச்சாங்க."

"சாப்பாடா? அவதான் நம்ம கையால ஒண்ணும் வாங்கமாட்டாளே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

எழில் என்னைப் பார்த்தாள். "எந்த வீட்டுலயும் சமைச்சதை வாங்கமாட்டாங்க, அம்மாச்சி. வெள்ளைக்காரங்க வீட்டுலயும்தான். அவங்க பாத்திரம், எண்ணெய், எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. தோலோட இருக்கிற முழுப் பழம் சாப்பிடுவாங்க. லைப்ரரில அவங்க எப்பவும் ஒரு ஆரஞ்சை உரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

ஆரஞ்சுப் பையை யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். அவள் மணி அடித்தாள். நின்றாள். மறுபடி அடித்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட ஆரம்பித்தார்கள். என் அம்மாவைச் சமைக்க வைத்தார்கள். மூன்று நாள் சமைத்தாள். நான்காம் நாள் மேலத்தெருப் பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்து வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா அகப்பையோடு நின்றாள். மறுநாள் அவளை வரவேண்டாம் என்றார்கள். நானும் அதோடு போகவில்லை. அருளானந்தம் வாத்தியார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்.

ஹன்னா கையைப் பின்னால் கட்டியபோது எனக்குத் தெரிந்தது ஹன்னா இல்லை.

அது ஹன்னாவின் குற்றமா?

மே 31, வெள்ளி

சர்க்கரை 226.

சிதம்பரநாதன் வந்தார். எழில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். காபி கொடுத்தேன்.

"அம்மா, அந்தக் கையெழுத்து விஷயம். இன்னும் நாலு நாள்தான். நீங்க வாயத் தொறக்காதீங்க, நானும் தொறக்கல."

"அந்தப் புள்ள தேடி அலையுதே, தம்பி."

"தேடட்டும். கிடைக்கலன்னா ஓட்டுப் போடமாட்டா. மனு தானா விழுந்துடும். யாருக்கும் கெட்ட பேரு இல்ல. நம்ம கோயில் சமையக்கட்டை இடிச்சுப் பெரிசாக் கட்ட அனுமதி கேட்டிருக்கோம். அது ஜூலைல அதே கவுன்சிலுக்கு வருது. கயிறு கூடாதுங்கிற அந்த மூணு பேர நாம பகைச்சிக்க முடியுமா? நமக்கு எதுக்கும்மா அடுத்தவங்க வம்பு?"

"ஹன்னா வீட்டு வாசல்ல பெட்டியப் பேத்துப் போட்டாகளே, அந்தத் தாளு நீங்க கொண்டாந்த தாளுதான?"

காபியைக் கீழே வைத்தார். "ஐயோ, அது நாங்க இல்லம்மா! சத்தியமா! அது எவனோ ரவுடிப் பய."

அவர் சொன்னது உண்மைதான் என்று நினைக்கிறேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "கோயில் கட்டுறப்ப அவங்க வந்து பேசினாங்கதான். அத நான் மறக்கல. ஆனா ஊரு இப்ப வேற மாதிரி இருக்கு. இல்லையா?"

நான் டம்ளரை எடுத்தேன். பாதிக் காபி மிச்சம்.

ஜூன் 2, ஞாயிறு

சர்க்கரை 235. சொல்லிவிடலாம் என்று இட்லி அவித்தேன். எழில் நான்கு சாப்பிட்டாள். சொல்லவில்லை.

ஜூன் 3, திங்கள்

சர்க்கரை 251.

ஜூன் 5, புதன்

சர்க்கரை பார்க்கவில்லை.

நேற்று மாலை கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். எழிலுக்குச் சந்தோஷம். தீபாவளிக்குக் கட்டின பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினேன். பாக்கியத்துக்கு ஒரு வரி அனுப்பினேன்: "நீ போன் போடாதே."

கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் ஹன்னா, மெயர், அவர்கள் ஆட்கள். இன்னொரு பக்கம் எதிர்மனுக்காரர்கள், மார்பில் சிவப்பு வில்லை குத்தியிருந்தார்கள். கோயில் ஆட்கள் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக. மேடையில் ஏழு பேர். என் பேத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது.

யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம் என்று அறிவித்தார்கள். எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. மைக் வரை போவதற்குள் மூன்று நிமிஷமும் போய்விடுமோ என்று பயந்தேன். எழில் பாதி எழுந்துவிட்டாள். நான் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னேன். பிறகு திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"சிதம்பரநாதன் தம்பி, வாங்க. நான் தமிழ்ல சொல்றேன். நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க."

அவருக்கு வேறு வழியில்லை. ஊரே பார்த்தது. வந்து நின்றார்.

"எதிர்மனுவுல நாலாம் பக்கம், பதினோராம் வரி. அது என் கையெழுத்து."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். கூடத்தில் சலசலப்பு. மேடையை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த வார்த்தை வந்திருக்காது.

"சா. வேலுத்தாய், கவுன்சிலர் எழிலரசியின் அம்மாச்சின்னு எழுதியிருக்கேன். அதையும் சொல்லுங்க. என் பேத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எங்கிட்டக் கொண்டாந்து படிக்கச் சொன்னா. தெரியலன்னு பொய் சொன்னேன்."

சொன்னார்.

"இந்தத் தாளக் கொண்டாந்து எங்கிட்ட நீட்டுனது, இப்ப எனக்காகப் பேசுற இந்தத் தம்பிதான்."

அவர் நின்றுவிட்டார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. மேடையில் இருந்து எழிலின் குரல், தமிழில்:

"அங்கிள், அதையும் சொல்லுங்க."

சொன்னார். காது வரை சிவந்துபோய்ச் சொன்னார்.

"கயித்துக்குப் பயந்து நான் கையெழுத்துப் போடல. நான் குடுத்த பலகாரத்த இந்த அம்மா வாங்கலன்னு ரோஷம். அதுக்குப் போட்டேன். அவுக பதிலுக்குப் பழம் கொண்டாந்தாக, நான் கதவத் திறக்கல. இந்தப் பெரியவரு ரெண்டு வருஷமா சனிக்கிழமை ஜன்னல்ல உக்காந்திருக்காரு. நான் இந்தப் பக்கம் ஜன்னல்ல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு கயிறு கட்டுனா அவரு வெளிய வரலாம்னா, அதுல என் வீட்டுக்கு என்ன நட்டம்? எங்க ஊருல சோத்துத் தட்டைக் கவுத்துவச்சு எங்கம்மாவ அனுப்புனாக. அந்த வேலைய நானும் செய்ய வேண்டாம். என் பேர அடிச்சிருங்க."

இதை அவர் மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். சோற்றுத் தட்டு வந்த இடத்தில் அவர் குரல் மாறியது. அவர் ஊரில் அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாரோ, எனக்குத் தெரியாது.

கவுன்சில் குமாஸ்தா அம்மா அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். நானே கோடு போட்டேன். நேர்க் கோடு.

பின்னால் யாரோ சத்தம் போட்டார்கள். தலைவர் சுத்தியலால் தட்டினார்.

ஓட்டு எடுத்தார்கள். ஆறு பேர் முடிந்து மூன்றுக்கு மூன்று. எழில் மைக்கை இழுத்து என்னவோ சொன்னாள். சிதம்பரநாதன் என் காதருகே, யாரும் சொல்லச் சொல்லாமலேயே, தமிழில் சொன்னார்:

"மூணு வாரமா அந்தக் கையெழுத்துக்காரங்களத் தேடினேன், இன்னைக்கு அவங்க பேசிக் கேட்டுட்டேன்னு சொல்றாம்மா."

கை தூக்கினாள். நான்குக்கு மூன்று.

ஹன்னா அழுதாள். சிவப்பு வில்லைக்காரர்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். கோயில் ஆட்களும் போனார்கள். எங்களோடு யாரும் பேசவில்லை.

எழில்தான் கார் ஓட்டினாள். வீட்டு வாசலில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பிறகு சொன்னாள்:

"கையெழுத்துப் போட்டதுக்குக் கோபம் இல்ல. கண்ணாடி எடுக்க மாடிக்கு ஓடினேன். எடுத்துட்டு வந்து குடுத்தேன். அதைப் போட்டுப் பார்த்துட்டு, தெரியலன்னு சொன்னீங்க."

பிறந்ததில் இருந்து அவள் என்னை நீ என்றுதான் சொல்லுவாள்.

ஜூன் 14, வெள்ளி

சர்க்கரை 190. பாக்கியம் வந்து ஒரு வாரம். எழில் இன்னும் "நீங்க" என்றுதான் சொல்கிறாள். எங்கள் வீட்டுப் புல்லில் யாரோ எதிர்மனுக்காரர்களின் சிவப்பு அட்டை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். பாக்கியம் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

ஜூலை 10, புதன்

சர்க்கரை 163.

கோயில் சமையற்கட்டு அனுமதி நேற்று ஓட்டுக்கு வந்தது. ஐந்துக்கு இரண்டு, கிடைத்துவிட்டது. யூத சங்கத்தில் இருந்து ஹன்னா எழுந்து பேசினாளாம். சிதம்பரநாதன் வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வரச் சொன்னேன். இன்னொரு நாள் என்றார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சர்க்கரை 149.

கயிறு கட்டி முடிந்துவிட்டது. எங்கள் மூலைக் கம்பத்தில் எது கயிறு, எது கம்பி என்று எனக்கே தெரியவில்லை. எழில் விரலை நீட்டிக் காட்டினாள். "அதோ, அம்மாச்சி. தெரியுதா, தெரியலையா? கண்ணாடி வேணுமா உனக்கு?"

உனக்கு என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

சர்க்கரை 140.

காலை ஒன்பது மணிக்கு ஹன்னா வீட்டுக் கதவு திறந்தது. நாற்காலியின் முன்சக்கரம் நிலையைத் தாண்டும்போது ஹன்னா ஒரு கணம் நின்றாள். புதுப் பெட்டியைத் தொட்டாள். பிறகு தள்ளினாள். மெயர் வெள்ளைச் சட்டை, கோட்டு, குட்டித் தொப்பி. ஜெபக்கூடத்துக்குப் போய்விட்டு மதியம் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

மணி அடிக்கவில்லை. அன்றைக்கு மணி அடிக்கக் கூடாதாம். தட்டினார்கள். துளைக் கண்ணாடியில் பார்க்காமல் திறந்தேன்.

மெயரின் மடியில் மூன்று ஆரஞ்சு இருந்தன.

வாசல் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மெயர் ஒன்றை எடுத்தார். ஒரு கையால் உரிக்க வரவில்லை. பழம் உருண்டது. நான் எடுத்தேன். தோலை உரித்தேன், நாரை எடுத்தேன், சுளையைப் பிரித்தேன்.

என் கையால் நீட்டினேன். அவர் வாயைத் திறந்தார்.